இடையூறு செய்த பறவையின் பெயர்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்கு வேண்டாம். வயசானவன் என்று எழுந்துகொள்கிறீர்கள், நல்ல மனசு. ஆனால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் நான் வானத்தைப் பார்ப்பேன். வானத்தைப் பார்த்தால் எண்ண ஆரம்பித்துவிடுவேன். பதினெட்டு வருஷத்துப் பழக்கம், லேசில் போகாது. நீங்கள் திருப்பூர் வரைக்குமா? நானும் அங்கேதான். அப்படியானால் நேரம் இருக்கிறது.

என்ன வேலை பார்த்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன். விமானத்துக்குக் காக்கா விரட்டினேன். சிரிக்கிறீர்கள் பாருங்கள். எல்லாரும் அந்த இடத்தில்தான் சிரிப்பார்கள். பேர் தவசி. எந்த ஏர்போர்ட் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். தெற்கே ஒரு கண்மாயை மேடாக்கிக் கட்டினது, அவ்வளவு போதும். நாங்கள் இரண்டு பேர், ஷிஃப்டுக்கு ஒருத்தராக ஒரு ஜீப்பில் ரன்வே ஓரமாகவே சுற்றுவோம். கையில் ராக்கெட் வெடி, இடுப்பில் ஒரு வாக்கிடாக்கி. டவரில் இருந்து, "தவசி, இருபது நிமிஷத்துல ஃப்ளைட்டு, கிழக்கே கொக்கு உக்காந்திருக்கு" என்பார்கள். போய் ஒரு வெடி. கொக்கு எழுந்து மேற்கே போய் உட்காரும். நாங்கள் மேற்கே போவோம். கொக்கு கிழக்கே வரும். பதினெட்டு வருஷமும் இதுதான் சார் வேலை.

கொக்கு மட்டுமா? ஒருதடவை நரி ஒன்று உள்ளே புகுந்து, பெட்டி வருகிற பெல்ட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூன்று சுற்று வந்தது. யாருமே எடுத்துக்கொள்ளவில்லை. நாலாவது சுற்றில் அதுவாக இறங்கி டாக்சி ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டது. இன்னொரு தடவை ஒரு மயில் ரன்வே நடுவில் தோகையை விரித்துவிட்டது. டெல்லி விமானம் நாற்பது நிமிஷம் மேலேயே சுற்றியது. இறங்கினதும் பைலட் என்னிடம் வந்து, "ஆட்டம் முடிஞ்சுதா, உள்ளே வரலாமா?" என்று தமிழிலேயே கேட்டார். பஞ்சாபிக்காரர் சார் அவர்.

நம்பவில்லை இல்லையா? என் மாப்பிள்ளையும் நம்ப மாட்டான்.

மாப்பிள்ளை என்றால் மகளைக் கட்டினவன் இல்லை, என் தங்கை பூரணத்தைக் கட்டினவன். சங்கிலி. ஏர்போர்ட் சுற்றுச்சுவர் முடிகிற இடத்தில் அவனுக்கு ஒரு கறிக்கோழிக் கடை. சின்னக் கடைதான். அவன் வெட்டுவான், பூரணம் கல்லாவில் இருப்பாள். தினமும் காலையில் கரும்பலகையில் அன்றைய விலையைச் சாக்பீஸால் எழுதுவது அவள்தான். ஒரு எழுத்து கோணாது. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் கோழி வாங்க வந்தால் அவள் எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் விலையைப் பார்ப்பார்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும் நான் நேரே அந்தக் கடைக்குத்தான் போவேன். அங்கே ஒரு மரக்கட்டை கிடக்கும், அதுதான் என் ஆசனம். கோழிக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் என் கதைக்கு நிற்பார்கள். சங்கிலி வெட்டிக்கொண்டே சொல்வான்:

"மச்சான், நேத்து சொன்ன நரி பெல்ட்டுல மூணு சுத்து வந்துச்சு. இன்னிக்கு அஞ்சாயிருச்சு. நாளைக்கு அதுக்குப் பாஸ்போர்ட்டும் எடுத்துருவீங்க போல."

"நீ கோழியைப் பாருடா."

"கோழிக்கே உங்க கதையைக் கேட்டுத்தான் உசுரு போகுது. கத்தி சும்மா பேருக்கு."

அப்படிப் பேசுகிறவன். ஆனால் நான் ஒரு நாள் வரவில்லை என்றால், "கதை வரலையா பூரணம்?" என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பானாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விமானத்தில் பறவை மோதினால் சும்மா விட முடியாது சார். அதை நாங்கள் 'அடி' என்போம். அடி விழுந்தால் ஜீப்பில் போய், கிடக்கிறதைப் பொறுக்கி, ஒரு தாள் எழுத வேண்டும். அடிச்சீட்டு என்று பேர் வைத்திருந்தோம். எத்தனை மணி, எந்த விமானம், எந்த இடம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மேலே இந்தி, நடுவில் இங்கிலீஷ், கீழே தமிழ். நான் தமிழில் எழுதுவேன். ஆபீசில் மெர்சி என்று ஒரு பெண், அதை இங்கிலீஷில் தட்டி மேலே அனுப்பிவிடும். பைலட்டுக்குத் தெரிந்தால் அவரும் எழுதுவார். ஆனால் சக்கரத்தில் பட்டால், இறக்கை ஓரத்தில் பட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது. நான் பொறுக்கினால்தான் உண்டு.

அந்த வருஷம் புரட்டாசி. அதுவும் சனிக்கிழமை. காலை ஏழு இருபது விமானம் இறங்கினதும் ரன்வேயில் ஏதோ கிடக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால், கருடன். செம்மண் நிறத்தில் இறக்கை, கழுத்து வெள்ளை வெளேர் என்று. கண் திறந்திருக்கிறது, உயிர் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கோயில் கும்பாபிஷேகத்தில் மேலே ஒரு வட்டம் அடித்தாலே ஊரே கையெடுக்கும். இங்கே காலடியில் கிடக்கிறார்.

சீட்டை எடுத்தேன். ஐந்தாவது கட்டம். என்ன அச்சடித்திருந்தது தெரியுமா? 'இடையூறு செய்த பறவையின் பெயர்.'

நீங்களே சொல்லுங்கள் சார். பெருமாளைச் சுமக்கிறவர் இடையூறா? நடுவில் வந்து மோதினது யார்? அவர் காலகாலமாகப் பறக்கிற வானத்தில் இந்த ஏழு இருபது நேற்று வந்தது. அந்தக் கட்டத்தில் கருடன் என்று என் கையால் எப்படி எழுதுவேன்? புரட்டாசி சனிக்கிழமை!

காகம் என்று எழுதினேன்.

அது மட்டும் சனீஸ்வரன் வாகனம் இல்லையா என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் சனீஸ்வரன் என்னிடம் வந்து ரொம்ப நாள் ஆகிறது, புதிதாக என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அப்புறம் கருடனை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி, பால் ஊற்றி, வேலியோரத்தில் புதைத்தேன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரு பாவத்தைத் தடுத்தோமே என்று.

இரண்டாவது கருடன் ஐப்பசியில். மழை பெய்து ரன்வே ஓரத்து வாய்க்கால் நிறைந்திருந்தது. புல்லில் எல்லாம் தவளை, எலி. அதற்குத்தான் அவர் வருவார். இரண்டாவதும் காகம் என்று எழுதினேன். முதலில் எழுதியாயிற்றே, இப்போது மாற்றினால் நன்றாகவா இருக்கும்? மூன்றாவதற்கு மெர்சி கூப்பிட்டது.

"தவசி அண்ணா, மேலே இருந்து கேக்குறாங்க. காக்கான்னா ஒரு இறகையும் கவர்ல போட்டு அனுப்பணுமாம்."

கருடன் இறகைப் போட முடியுமா? மாட்டிக்கொள்வேனே. நேரே சங்கிலி கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால் குடல் கூடைப் பக்கம் எப்போதும் காக்கா கூட்டம், இறகு கீழே கிடக்கும்.

"மாப்ளே, நல்லதா நாலு காக்கா றெக்கை பொறுக்கிக் கொடு."

"எதுக்கு மச்சான்?"

"காது குடையறதுக்கு."

"நாலு எதுக்கு? உங்களுக்கு ரெண்டு காதுதானே?" என்றான். ஆனால் பொறுக்கிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவனே எடுத்து வைத்துவிடுவான் சார். கடைக்குள் நுழைந்ததும், "மச்சான் காதுக்கு" என்று காகிதத்தில் சுற்றி நீட்டுவான். நான் அதைக் கொண்டுபோய்க் கவரில் போட்டு ஒட்டுவேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது? இறகு வேண்டும் என்று நானா கேட்டேன்? மேலே இருந்து கேட்டார்கள்.

இரண்டு வருஷத்தில் பதினொன்று. இந்த எண்ணிக்கையில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. மற்றதில் எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், இது பதினொன்றுதான்.

பதினொரு காக்கா என்றதும் மேலே விழித்துக்கொண்டார்கள். ஜெயசீலன் என்று பாதுகாப்பு அதிகாரி ஒருவர் புதிதாக வந்தார். தங்கமான மனுஷன், அதில் சந்தேகம் இல்லை. கத்த மாட்டார், அதட்ட மாட்டார். என்னைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, "பெரியவரே, இங்கே உங்களுக்குத் தெரியாத பறவை கிடையாதுங்கறாங்க. இந்தக் காக்காயெல்லாம் எங்கேருந்து வருது?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார் சார்.

பதினெட்டு வருஷம் பேசியிருக்கிறேன். ஒருத்தராவது, நான் பேசும்போது பேனாவைத் திறந்ததில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் ஒரு வார்த்தை எழுதுகிறார். நிறுத்தினால் நிமிர்ந்து பார்க்கிறார், "ம், சொல்லுங்க" என்கிறார். அதற்குப் பிறகு நான் எங்கே நிற்பேன்?

"சார், அதுங்க சாதாரணக் காக்கா இல்ல. அதுங்களுக்கு ஃப்ளைட்டு டைம் தெரியும். ஏழு இருபது இறங்குற சத்தம் கேட்டாத்தான் கோழிக்கடைக்காரன் குடல் கூடையை வெளியே வைப்பான். அதனால சத்தம் கேட்டதும் ஏழு ஊர்ல இருந்தும் கிளம்பிரும். ஃப்ளைட்டுக்கு முன்னாடி ஒரு கூட்டம், பின்னாடி ஒரு கூட்டம்."

"மொத்தம் எத்தனை இருக்கும்?"

"ஆயிரத்துக்குக் குறையாது சார்."

நாற்பது இருக்கும். நாற்பதைப் போய் எந்த அதிகாரி எழுதுவார்?

கடையைக் காட்ட முடியுமா என்றார். அதற்கென்ன, ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனேன். நம்ம மாப்பிள்ளை கடைக்கு அதிகாரி வருவது பெருமைதானே? சங்கிலி கையைக் கழுவிவிட்டு ஓடி வந்தான், கலர் சோடா வாங்கிக் கொடுத்தான், என் மரக்கட்டையைத் துடைத்து அவரை உட்கார வைத்தான்.

"எங்க மச்சான் ஏதாச்சும் சொல்லியிருப்பாரு சார். பாதியை நம்பாதீங்க. மீதியை நம்பவே நம்பாதீங்க."

ஜெயசீலன் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவருக்கும் கடைக்கும் எத்தனை அடி என்று எழுதிக்கொண்டார். பூரணம் மட்டும் அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்குண்ணே அளக்குறாரு?" என்றாள். "ரோடு போடப் போறாங்க போல" என்றேன். அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது.

அடுத்த மாதம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். கடையை மூன்று மாதம் மூடவேண்டும்.

சங்கிலி என்னைத் தேடிக்கொண்டு ஏர்போர்ட் வாசலுக்கே வந்தான். அப்போதும் கேலிதான். "காக்கா என் கடையில சாப்பிட்டுட்டு உங்க கடையில போய்ச் சாகுதாம் மச்சான். கோழியைத் தின்னுட்டு அதுக்கே சாவணும்னு தோணுது போல." சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "உள்ளே நீங்க இருக்கீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது மச்சான்."

"நான் பாத்துக்கறேன்டா" என்றேன்.

அன்றைக்கே ஒரு கூட்டம் போட்டார்கள். ஜெயசீலன் மைக்கில் பேசினார். கடையை ஏன் மூடினோம், அடுத்து என்ன என்று விளக்கமாகச் சொன்னாராம். சொன்னாராம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், முன்பாதியைத்தான் கேட்டேன். பின்பாதியில் பக்கத்து நாற்காலியில் புதிதாக வந்த தீயணைப்புக்காரர் ஒருத்தர் உட்கார்ந்துவிட்டார். அவர் நரிக் கதை கேட்டதே இல்லை.

இப்போது சொல்லுங்கள், என் இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? கார்த்திகையில் மறுபடி அடி விழுகிறது. மறுபடி கருடன். கருடன் என்று எழுத முடியாது. காகம் என்று எழுதினால், கடையை மூடியும் காக்கா போகவில்லை, மொத்தமாக இடித்துவிடு என்பார்கள். யோசித்தேன். சீட்டே எழுதாவிட்டால்? அடியே இல்லை என்றால் யாருக்கும் கோபம் இல்லை. கோபம் இல்லாவிட்டால் கடையைத் திறந்துவிடுவார்கள். சங்கிலிக்காகத்தான் சார் செய்தேன். அந்த மூன்று மாதத்தில் ஏழு கருடன். ஏழையும் யார் கண்ணிலும் படாமல் எடுத்து, முறையாகச் சுற்றி, வேலியோரம் புதைத்தேன். மஞ்சள் துணிக்கு எங்கே போவது? வீட்டில் நல்ல மஞ்சப்பை ஒரு கட்டு இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பை.

மூன்று மாதம் முடிந்தது. மறுபடி கூட்டம். ஜெயசீலன் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். மூன்று மாதமாக ஒரு அடிகூட இல்லை, பெரியவர் சொன்ன தகவல் அவ்வளவு துல்லியம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். நல்ல துண்டு சார், ஜரிகை வைத்தது. கீழே இறங்கினதும் மெர்சியிடம் கேட்டேன்:

"ஏம்மா, கடையை என்னிக்குத் திறக்கலாம்?"

"எந்தக் கடை?"

"சங்கிலி கடைதான். அதான் அடியே இல்லையே."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தது. "அண்ணா, நீங்க கூட்டத்துல இருந்தீங்கல்ல? மூணு மாசம் மூடிப் பாப்போம், அதுக்கப்புறமும் அடி விழுந்தா கடை காரணம் இல்ல, திறந்துக்கலாம்னு சார் சொன்னாரே. இப்ப அடி நின்னு போச்சு. அப்ப கடைதான் காரணம்னு ஆயிருச்சு. நிரந்தரமா மூடச் சொல்லி ஆர்டர் அடிச்சுட்டேன்."

கழுத்தில் பொன்னாடையோடு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்னண்ணா என்றது. சொல்லிவிட்டேன் சார். எல்லாவற்றையும். கருடன், காகம், இறகு, ஏழு பேர் வேலியோரம். சீட்டில் அப்படி ஒரு வார்த்தையை அச்சடித்தால் மனுஷன் எப்படி எழுதுவான் என்றும் கேட்டேன். மெர்சி ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தது.

"இங்கிலீஷ்ல சும்மா 'பறவையின் வகை'ன்னுதான் அண்ணா இருக்கு. இடையூறு கிடையூறு ஒண்ணும் இல்ல. தமிழ்ல மாத்துனவங்க யாரோ சேர்த்திருக்காங்க." சீட்டை மேஜையில் வைத்தது. "பருந்துன்னு வந்திருந்தா கடைப் பக்கமே போயிருக்க மாட்டாங்க. வாய்க்காலைத் தூர்த்து, புல்லைக் கட்டையா வெட்டச் சொல்லியிருப்பாங்க. அவ்வளவுதான் வேலை."

அவ்வளவுதான் வேலை. புல்லை வெட்டுவது.

நேரே ஜெயசீலன் அறைக்குப் போனேன். "சார், அது காக்கா இல்ல. கருடன். பதினொண்ணும் கருடன், அப்புறம் ஏழு." அவர் என்னை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். இந்தத் தடவை பேனாவைத் திறக்கவில்லை.

"பெரியவரே, கடைக்காரர் உங்க உறவுக்காரர். உங்க வருத்தம் புரியுது. ஆனா உங்க நரிக் கதையை நானும் கேட்டுட்டேன். தீயணைப்புல சொன்னாங்க."

"நரி பொய் சார். இது நிஜம்."

நரியைப் பொய் என்று என் வாயால் சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான் சார். அதற்கும் பிரயோஜனம் இல்லை. "அத்தாட்சி இருக்கா? அனுப்பினது எல்லாம் காக்கா இறகுதானே?" என்றார். நியாயம்தான். வேலியோரம் தோண்டிக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு காவலர், ஒரு மண்வெட்டி, ஜெயசீலன், நான்.

பழையது எல்லாம் மண்ணாகியிருக்கும் என்று கடைசி ஏழு இடத்தை மட்டும் தோண்டினோம். முதல் ஐந்து இடத்தில் பள்ளம்தான் இருந்தது. நாய் தோண்டி இழுத்துப் போயிருக்கிறது. கடை மூடினதில் இருந்து சங்கிலி கடை நாய்க்குச் சாப்பாடு இல்லை, சுவர் ஓட்டை வழியாக அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆறாவதில் பை இருந்தது. தலை இல்லை, கால் இல்லை. கொஞ்சம் விலா எலும்பு, ஒரு தொடை எலும்பு. ஏழாவதும் அப்படியே. காவலர் பையைத் தூக்கி மண்ணை உதறினார். ஜெயசீலன் குனிந்து படித்தார்.

மஞ்சப்பையில் பச்சை எழுத்து. 'சங்கிலி கறிக்கோழி நிலையம். தீபாவளி நல்வாழ்த்துகள்.'

வருஷா வருஷம் பூரணம் எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டு கொடுப்பாள் சார். நல்ல துணி. அதில் எழுத்து இருந்தது என் கண்ணிலேயே படவில்லை. மஞ்சள்தான் பட்டது.

"கோழி எலும்பு" என்றார் காவலர்.

"கருடன் எலும்பு" என்றேன்.

"பெரியவரே, போதும்" என்றார் ஜெயசீலன். அவர் குரல் உயர்ந்து கேட்டது அன்றைக்குத்தான். சங்கிலிக்கு இரண்டாவது நோட்டீஸ் போயிற்று, விமான நிலைய எல்லைக்குள் கோழிக் கழிவைப் புதைத்த குற்றம் என்று. அவன் அந்தச் சுவருக்கு உள்ளே கால் வைத்ததே கிடையாது. ஒருதடவை விமானத்தைக் கிட்டத்தில் பார்க்கணும் மச்சான் என்று கேட்டிருந்தான். பார்க்கலாம்டா என்று சொல்லியிருந்தேன்.

ஒட்டன்சத்திரம் வந்துவிட்டதா? பத்து நிமிஷம் நிற்பான். நீங்கள் டீக்கு இறங்குகிறீர்களா? இறங்கவில்லையா? நல்லது. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

கடைப் பலகையைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் திருப்பூர் போய்விட்டார்கள். ஒரு பனியன் கம்பெனியில் சங்கிலி வாட்ச்மேன். கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை. அறுபது வயசில் காக்கிச் சட்டை. எனக்கும் வேலை முடிந்தது. நாலு மாதம் தாங்கினேன். அப்புறம் பஸ் ஏறினேன், சொல்லிவிடுவது என்று. என்ன அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று.

உள்ளே நுழைந்ததும், "கதை வந்துருச்சு பூரணம்!" என்று கத்தினான் சங்கிலி. இளைத்திருந்தான். தொப்பி அவனுக்குப் பெரிசு, காது வரைக்கும் இறங்குகிறது. பூரணம் சாப்பாடு போட்டாள். நான் சோற்றில் கை வைக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். புரட்டாசிச் சனிக்கிழமையில் இருந்து மஞ்சப்பை வரைக்கும். ஒன்றும் சேர்க்கவில்லை. உங்களிடம் சொன்னது போலத்தான்.

சங்கிலி சிரித்தான் சார். முதலில் மெதுவாக, அப்புறம் சுவரில் சாய்ந்து, அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மச்சான்! காதுக்குன்னு நான் கொடுத்த றெக்கையா? நானே எனக்குச் சாட்சி கொடுத்திருக்கேனா? மஞ்சப்பையில என் பேரா? ஐயோ, நரியெல்லாம் ஒண்ணுமே இல்ல மச்சான். உங்க கதையிலேயே இதுதான் கதை." இங்கே வந்து அவன் இப்படிச் சிரித்ததே இல்லை என்று பக்கத்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தான். "மச்சான், முதல்ல இருந்து சொல்லுங்க."

"நிஜம்டா" என்றேன்.

"நிஜம்தான், நிஜம்தான். சொல்லுங்க."

முதலில் இருந்து சொன்னேன். என்ன செய்வது? மன்னிப்புக் கேட்கப் போனவன் கதை சொல்லிவிட்டு வந்தேன்.

பூரணம் சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டி கையில் அப்படியே இருந்தது. இரண்டாவது தடவை சொல்லி முடிக்கும் வரைக்கும் நின்றாள். அந்த வாட்ச்மேன் எழுந்து போனதும், சங்கிலி கேட்டைத் திறக்க ஓடினதும், என் பக்கத்தில் வந்து குழம்பை ஊற்றினாள். சத்தம் இல்லாமல் கேட்டாள்:

"காகம்னா மூணு எழுத்துண்ணே. கருடன்னா நாலு." விலைப்பலகை எழுதின கை சார், எழுத்தெல்லாம் அவளுக்கு எண்ணிக்கைதான். "ஒரு எழுத்து கூட எழுதியிருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இது நிஜம் என்று அவரிடம் சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள். இருபது வருஷமாக நான் சொன்ன எதையும் நம்பாதவள் சார், இதை மட்டும் நம்பிவிட்டாள்.

அதிலிருந்து மாதம் ஒருதடவை போகிறேன். சங்கிலி அந்தக் கதையைக் கேட்பான், நான் சொல்வேன், அவன் சிரிப்பான், அவள் பரிமாறுவாள்.

இந்தப் பையில் என்ன என்று பார்க்கிறீர்கள் இல்லையா? சும்மா பாருங்கள். அடிச்சீட்டு. மெர்சியிடம் கெஞ்சி வாங்கினேன், பதினெட்டு வெற்றுச் சீட்டு. பதினொன்று, அப்புறம் ஏழு. தேதி, நேரம், விமானம், எல்லாக் கட்டமும் என் கையால் நிரப்பியிருக்கிறேன், சரிபாருங்கள். ஆபீசில் கொடுக்க இல்லை, அங்கே யார் வாங்குவார்கள்? பூரணத்திடம் கொடுக்கத்தான். நாலு எழுத்தும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு எண்ணம். ஆனால் இந்த ஐந்தாவது கட்டம் இருக்கிறதே, இன்னும் அதே அச்சுதான் சார். இடையூறு செய்த. மூன்று மாதமாக இப்படியே கொண்டுபோய் இப்படியே கொண்டுவருகிறேன். பேனாவை வைக்கிறேன், கை நகரமாட்டேன் என்கிறது.

நீங்கள் எழுதிக் கொடுங்கள் சார். பதினெட்டுத் தடவைதான். உங்களுக்கு அந்தப் பறவையோடு பழக்கம் கிடையாது, உங்கள் மேல் பாவம் ஒட்டாது. பேனா பாக்கெட்டில் இருக்கிறதே.

தாராபுரமா? ஆமாம், தாராபுரம்தான். என்ன சார், எழுந்துகொள்கிறீர்கள்? திருப்பூருக்கு அல்லவா டிக்கெட் எடுத்தீர்கள்? சரி, வேலை இருக்கும், போய்வாருங்கள். போனமாதம் ஒருத்தர் இதே ஸ்டாப்பில்தான் இறங்கினார். பேனாவை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறீர்களா? வேண்டாம், வேண்டாம், இருக்கட்டும். என்னிடமும் ஒன்று இருக்கிறது.

வாங்கம்மா, உட்காருங்க. இல்லை இல்லை, ஜன்னல் ஓரம் நீங்களே எடுத்துக்குங்க. எனக்கு வேண்டாம்.